சுண்ணாம்புச் சுவரும் கமிட்டிக்காரர்களும்

பழைய சர்ச்சில் கூட்டித் துடைத்து மணியடிக்கிற வேலையில் புறா எச்சத்தைக்கூடச் சுரண்டிவிடலாம், கமிட்டியின் யோசனையைச் சுரண்ட முடியாது. எந்த ஊர்க் கோயிலில் சாவிக்கொத்து வைத்திருந்தாலும் இந்தப் பாடு உங்களுக்குத் தெரியும்.

வட்ட ஓட்டைகள்

தேனி பஜாரை ஒட்டிய எங்கள் சர்ச், வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டியது. இரண்டு முழக் கனத்தில் செங்கல், சுண்ணாம்புச் சுவர். கூரைக்குக் கீழே வரிசையாக வட்ட ஓட்டைகள். உள்ளே இருக்கிற வெக்கை அது வழியாகப் போய்விடும். கமிட்டிச் செயலாளர் ஏலக்காய் வியாபாரி. புறா வருகிறதென்று அத்தனை ஓட்டையையும் சிமெண்ட் வைத்து அடைத்தார். சுவர் மூச்சுவிட வேண்டாமா என்று கேட்டேன்.

"பெருசு, சுவருக்கு என்ன மூக்கா இருக்கு?"

புதுப் பழசு

ஆண்டு விழாவுக்குக் கட்டடம் பழசாகத் தெரிய வேண்டுமாம். அதற்காக, சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசிய, கண்ணாடி மாதிரி வழவழப்பான பூச்சைக் கொத்தி எறிந்தார்கள். சிமெண்ட் பூசி, மேலே கருங்கல் படம் போட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். சுருளிப்பட்டிக் கொத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பழசை இடிச்சுட்டுப் பழசு செய்யச் சொல்றாக, நான் என்னத்தச் சொல்ல?"

ஈரத்துக்கு ஓர் ஆள்

ஐப்பசி மழையில் சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லை. தாள் பூரி மாதிரி உப்பியது. கமிட்டி கூடிக் கண்டுபிடித்துவிட்டது: நான் தரை கழுவுகிற தண்ணீர்தான் காரணமாம்! ஒரு மாதம் வாளியைத் தொடக் கூடாது. அதற்குள் சுவர் காய்ந்தால் குற்றம் என்னுடையது, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சர்ச் சுவரு காயக் கூடாதுன்னு ஜெபம் பண்ற மொத ஆளு நீங்கதேன்!"

முன்வரிசை

மாதம் முடிகிற ஞாயிறு. வாளி காய்ந்து கிடந்தது, சுவரில் பாசியே பிடித்துவிட்டது. பிரசங்கத்தின் நடுவே ஆள் உயரத் தாள் ஒன்று உரிந்து, முன்வரிசையில் இருந்த செயலாளரைப் போர்வை மாதிரி மூடியது. நான்தான் விலக்கிவிட்டேன். முகமெல்லாம் சுவர்த் தண்ணீர். வெட்கப்படுவார் என்று பார்த்தால் என்மேலேயே பாய்ந்தார்.

"ஓட்டைய அடைக்கிறப்ப நீங்களாச்சும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

சாவி என்னிடமே இருக்கிறது, ஓட்டைகளையும் திறந்தாயிற்று, ஆனால் தப்பு யாருடையது என்ற இடத்தில் கமிட்டி நோட்டில் ‘மழை’ என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.