மானிப்பாய்ச் சந்தியில் ஐந்து முகங்கள்

சனிக்கிழமை, காலை ஏழரை மணி. கொழும்பிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். களைப்பு துளியும் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த டிலானியின் முதல் ஓவியக் கண்காட்சி அன்று. அவள் குருநகர் மீனவக் குடும்பத்துப் பெண். மண்டபம் எதுவும் எடுக்காமல், மானிப்பாய்ச் சந்தியில் ஒரு நீண்ட மதிலில் ஐந்து படங்களை மாட்டியிருந்தாள்: பஸ் நடத்துநர், தையற்காரர், மருந்துக்கடைப் பெண், கிழிந்த வலையைப் பொத்தும் அவளுடைய சித்தப்பா, இணுவிலிலிருந்து தினமும் சைக்கிளில் காய்கறி கொண்டுவரும் சிவலிங்கம்.

"கோட்டையையும் கோயிலையும் கீற ஆக்கள் இருக்கினம். கத்தரிக்காய் கொண்டு வாற மனுசனை ஆரடி கீறுகினம்?" என்று முதல் நாள் தொலைபேசியில் கேட்டிருந்தாள்.

பேருந்து நிலையத்திலிருந்து மானிப்பாய் ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர். பஸ் கட்டணம் ஐம்பது ரூபாய். சந்தியை நெருங்கியதும் யன்னலோரம் இருந்த ஒரு அம்மா துள்ளி எழுந்தார்.

"ஐயோ, சிவலிங்கண்ணையும் போயிட்டாரோ? நேற்றுக் காலமைதானே என்னோடை சண்டை பிடிச்சவர்!"

"பக்கத்திலை பாருங்கோ, எங்கடை கொண்டக்டரும் தொங்குறார்!" என்றார் பின்னால் இருந்தவர்.

நடத்துநர் மிதிபலகையிலிருந்து தலையை நீட்டினார். "நான் இஞ்சை உயிரோடைதான் நிக்கிறன். ரிக்கற் எடுக்காத ஆக்கள் சந்தோசப்படாதேங்கோ."

இங்கே ஒருவர் இறந்தால், படத்தோடு கண்ணீர் அஞ்சலிப் பதாகை சந்தியில் தொங்கும். டிலானியின் படங்களும் கரித்துண்டால் வரைந்த கறுப்பு வெள்ளை. முகம் மட்டும். கீழே பெயர், ஊர். ஒவ்வொரு அம்சமும் அப்படியே பொருந்தியது. சிரித்தபடியே இறங்கினேன். டிலானியோ கண்ணீரோடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சிவலிங்கத்தின் வீட்டு வாசற்படலைக்கு உறவினர்கள் வெள்ளை வேட்டியோடு வந்துவிட்டார்களாம். அவருடைய மனைவி மங்களம் தொலைபேசியில் ஏசி, படத்தைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்.

"அஞ்சையும் கழட்டப்போறன்."

"மங்களம் தன் கணவரின் படத்தை மட்டும்தானே கழற்றச் சொன்னார்?" என்றேன்.

"ஒராளைக் கழட்டினால், மிச்ச நாலுபேரும் செத்தவையோ?"

முதலில் நேரே போய்க் கேட்போம் என்று அவளை அவளுடைய ஸ்கூட்டரிலேயே ஏற்றினேன். செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இணுவில் மூன்று கிலோமீற்றர்.

"வாங்கோ பிள்ளையள். மாலை ஒண்டும் கொண்டு வரேல்லையோ?" என்று வரவேற்றார் மங்களம்.

சைக்கிளில் கத்தரிக்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த சிவலிங்கம் சிரித்தார். "இண்டைக்குத்தான் சனம் என்னைப் பற்றி நல்லதாய்க் கதைச்சது."

"நீங்கள் வாயை மூடுங்கோ!" மங்களம் டிலானியின் கைத்தொலைபேசியில் இருந்த படத்தை வாங்கிப் பார்த்தார். "முகம் சரிதான். ஆனால் இவர் எப்ப பிள்ளை சும்மா நிண்டவர்? சைக்கிள் எங்கை, மூட்டை எங்கை? பாத்தால் எனக்கே செத்த ஆள் மாதிரித்தான் கிடக்கு."

டிலானி கண்களைத் துடைத்தாள். "பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ அக்கா. அப்பவும் பிடிக்காட்டில் அஞ்சையும் கழட்டுறன்."

பதினொரு மணிக்கு வேலை தொடங்கியது. ஒவ்வொரு முகத்தின் கீழும் புதுத்தாள் ஒட்டினோம். நான் ஏணியைப் பிடித்தேன்; அவள் வண்ணச் சோக்கால் வரைந்தாள். சித்தப்பாவின் மடியில் நீல வலை விழுந்தது. மருந்துக்கடைப் பெண்ணின் கையில் மாத்திரை உறை வந்தது. தையற்காரர் கடையை விட்டு ஓடிவந்து, "அளவு நாடாவைக் கழுத்திலை போடு பிள்ளை, இல்லாட்டி நான் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். நடத்துநர் ஒவ்வொரு முறை சந்தியைக் கடக்கும்போதும் விசில் ஊதினார். சனமும் கூடிக்கொண்டே போனது.

நான்கு மணிக்கு, கணவரின் சைக்கிள் கரியரில் இருந்து மங்களம் இறங்கினார். கூட்டம் விலகியது. படத்தில் சிவலிங்கம் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்திருந்தார். பின்னால் ஊதாக் கத்தரிக்காய் மூட்டை பிதுங்கியது. மங்களம் கிட்டப்போய்ப் பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார். டிலானி என் கையை நெரித்தாள்.

"பேர் கிடக்கட்டும்," என்றார் கடைசியில். "அதுக்குக் கீழை 'நாளைக்குக் காலமையும் வருவார்' எண்டு பெரிசாய் எழுது."

மற்ற நால்வரும் தங்களுக்கும் அதையே எழுதச் சொன்னார்கள்.

மாலை பஸ்ஸில் திரும்பினேன். கொழும்பில் என் தெருமுனையில் நாள்தோறும் எனக்கு அப்பம் சுட்டுத் தருபவரின் பெயரை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சந்தியைத் தாண்டும்போது பக்கத்தில் இருந்த ஐயா மதிலை எட்டிப் பார்த்தார்.

"உவை ஆர் பிள்ளை? எலெக்சனுக்கு வோட்டுக் கேக்கினமோ?"

"இல்லை ஐயா," என்றேன். "இவை வாறம் எண்டு சொன்னால் வருவினம்."