கொலைகாரனின் கொள்ளுப்பேரன்

ரங்கூனில், தாமுவே பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில், பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில், டாக்ஸி ஓட்டும் என் தம்பி ஓர் ஆஸ்திரேலியக் கிழவரைக் கூட்டி வந்தான். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம்.

அவருடைய கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் சிப்பாயாக இந்த ஊரில் இருந்தவர். இங்கேயே ராணுவ விசாரணை நடந்து, கைதியாகக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். கிழவர் வருடக்கணக்காகக் காப்பகங்களில் தேடி, கப்பலேறியது, சிறையில் கிடந்தது, விடுதலையானது, கல்யாணம் செய்தது, நிலம் வாங்கியது என்று எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருந்தார். கைதி வம்சம் என்றால் அவர்கள் ஊரில் இப்போது ஜமீன் பரம்பரை மாதிரியாம்.

"அதிகாரியை எதிர்த்துப் பேசியிருப்பார். ரோஷக்காரர்" என்றார். "என் தங்கைதான் கோழி திருடியிருப்பார் என்கிறாள்."

விசாரணைக் குறிப்பின் நகல் அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. அதிலிருந்த பழைய கூட்டெழுத்துக் கிறுக்கல் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த எனக்கு அது புதிதல்ல. லத்தா பேட்டையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். சிப்பாய் குடித்திருக்கிறான். சாப்பாடு வரத் தாமதமாகியிருக்கிறது. மதராஸிலிருந்து வந்த சமையல்காரனை வயிற்றில் உதைத்திருக்கிறான். விடிவதற்குள் அந்த ஆள் செத்துப்போனான்.

கிழவர் தலைகுனிவார் என்று நினைத்தேன். அவர் மேசையைத் தட்டினார்.

"அப்படியானால் கோழித் திருட்டு இல்லை!"

"செத்தவர் பெயரை எழுதவே இல்லை" என்றேன். "அவர் யாரென்று தேடிப் பார்க்க முடியாதா?"

"அது என் ஆராய்ச்சியில் வராதே" என்று டீயை உறிஞ்சினார்.

தம்பி என் பக்கம் சாய்ந்தான். "என்னக்கா, ஏன் இம்புட்டுச் சிரிக்கிறான்?"

"இவன் பூட்டன் நம்ம ஆளு ஒருத்தரை உதைச்சே கொன்னுட்டான். அதுக்கு."

"தூ! இதுக்கா கப்பலேறி வந்தான்?"

அதன்பிறகு அவருக்குச் சம்பவம் நடந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். பாசறை இருந்ததாக அவர் வரைபடம் காட்டிய இடத்தில் இப்போது ராணுவத்தின் மதில் நின்றது. அங்கே கேமராவை வெளியே எடுக்கக் கூடாது என்று வண்டியிலேயே சொல்லிவிட்டேன். குழந்தைக்குச் சொல்வதுபோல் இரண்டு முறை சொன்னேன். இறங்கியதும் எடுத்தார். மதிலுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்று, தன்னைப் படம் பிடிக்கச் சொல்லி என் தம்பியிடம் நீட்டினார். அவன் கையைக் கட்டிக்கொண்டான். கிழவர் தானே மதிலைப் படமெடுத்தார்.

சிப்பாய்கள் வந்தார்கள். கிழவர் பாஸ்போர்ட்டைக் காட்டினார், பிலிமை உருவிக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள். எங்களை உள்ளே உட்கார வைத்தார்கள். யார் இவன், ஏன் கூட்டி வந்தாய், உன் அப்பன் யார், எந்த ஊர் கலா நீ என்று பொழுது சாயும்வரை அதே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கலா என்பது இந்திய வம்சத்தாரை அங்கே இளக்காரமாகக் கூப்பிடும் சொல். தம்பி கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. வெளியே வந்தபோது கிழவர் இல்லை. வேறு டாக்ஸி பிடித்து ஓட்டலுக்குப் போய்க் குளித்துவிட்டிருந்தார்.

மறுநாள் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "பிலிமைத் திருப்பித் தருவார்களா?"

சில மாதங்கள் கழித்து யாரோ பயணி மூலம் அவர் அச்சிட்ட குடும்ப வரலாறு வந்து சேர்ந்தது. வழவழப்பான தாள். கொள்ளுத்தாத்தா அதில் காலத்தின் கொடுமைக்குப் பலியானவர். ரங்கூனில் நடந்தது 'ஒரு துரதிருஷ்டமான கைகலப்பு'. கைகலப்பாம்! உதைத்தவனுடைய கால் இருந்தது, உதைபட்டவனுடைய கை எங்கே இருந்தது? எங்களைப் பற்றியும் ஒரு வரி: 'உள்ளூர்வாசிகளின் இனிய உபசரிப்பு'.

நான் ஒரு தாளில், உங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு மனிதரை உதைத்துக் கொன்றார், அதை அப்படியே எழுதுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. என் ஆர்வம் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சியாம். அடுத்த குளிர்காலம் தங்கையோடு வருகிறாராம். தம்பியின் டாக்ஸி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். தம்பியிடம் படித்துக் காட்டினேன்.

"நடந்து வரச் சொல்லுக்கா" என்றான்.

அதையே ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். பிறகு அவர் எழுதவில்லை.