குளிப்பாட்டும் கை

இந்த ஜெர்மன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. ஆனால் நான் கண்ணாடிச் சாமான் கழுவும் மூளை ஆய்வுக்கூடத்துக்கு அன்றும் யாராவது வந்தே தீர வேண்டும். உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குள், மூளையாக வளரக்கூடிய ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உணவான பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். "பசிக்கும்" என்பார் விஞ்ஞானி மார்த்தா. முதலில் கேட்டபோது சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். பொத்தேரி மெஸ்ஸில் தட்டு, துபாயில் சட்டி, இங்கே குடுவை. கழுவுவது மட்டும் மாறவில்லை. எங்கள் ஊர் நெம்மேலியில் தங்கை கலாவுக்குப் பெண் பிறந்தது. உடம்பு வளர்ந்தது, தலை வளரவில்லை. எங்கள் பக்கம் குழந்தையை நீட்டிய காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, தலை உருண்டையாக வரட்டும் என்று உள்ளங்கையால் அழுத்திக் குளிப்பாட்டுவார்கள். கலா அழுத்திய அழுத்தில்தான் தலை சிறுத்துப்போனது என்றார் அவள் மாமியார். அதிலிருந்து அவள் குளிப்பாட்டுவதில்லை. தலையைத் தொடுவதே இல்லை.

மார்த்தாவிடம் கேட்கப் போனேன். பாஷை போதவில்லை. இரண்டு கையாலும் என் தலையை அழுத்திக் காட்டினேன். தலைவலி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, ஒரு துண்டைச் சுருட்டிக் கிடத்திக் குளிப்பாட்டி, தலை சிறிது என்று விரலைக் குறுக்கிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்க்காமல் காரணம் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் கருவிலேயே மூளையாகும் இந்த மாதிரிச் செல்கள் போதுமான அளவு பெருகாததால்தான் இப்படி ஆகும், குளிப்பாட்டும் கையால் ஆகாது என்று எனக்குப் புரியும் சின்னச் சின்னச் சொற்களில் சொன்னார். மருந்து உண்டா என்றேன். பெட்டியைப் பார்த்தார்.

"இல்லை."

மறுநாள் காலை, கழுவும் தொட்டி ஓரம் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் கலாவைக் கூப்பிட்டேன். அங்கே வெயில் ஏறியிருந்தது.

"இன்னாண்ணா சொன்னாங்க?"

"உன் கையால இல்லியாம், கலா. வவுத்துல இருக்கசொல்லவே ஆயிடுச்சாம்."

பின்னாலிருந்து மாமியார் குரல்: "சட்டி கழுவுறவன்லாம் டாக்டராயிட்டான்! அப்போ இவ வவுறுதான் சரியில்ல."

அப்படியும் ஒன்று வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

"மருந்து எதுனா கீதாண்ணா?"

"இல்லியாம்."

கலா மாமியார் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அது பேசிகினே கெடக்கட்டும். கை இல்லன்னியே, போதும்."

போனை எதன்மேலோ நிறுத்திவிட்டு, காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தினாள். கை தலைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. நான் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த குடுவையை எடுத்தேன். கழுவிக் கவிழ்த்துவிட்டுக் குழாயை மூடினேன். போனிலிருந்து வந்த தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.