காதக்கா போட்ட கையெழுத்து

அந்த போன் கம்பெனியின் சோதனை அறையில் அவளை எல்லோரும் ‘காதக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அவளுக்குச் சோறு போடுவது அவள் காது. போனிலிருந்து பாட்டு கம்பி இல்லாமல் இயர்போனுக்குப் போக வேண்டுமென்றால், அதைச் சுருக்கி அனுப்பி அங்கே விரிக்க ஒரு வழி வேண்டும். அதற்குப் பேர் கோடெக். விலை கூடிய போனில் உசத்தியான கோடெக் இருக்கிறதென்று விளம்பரக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அது நிஜம்தானா என்று கேட்டுக் கையெழுத்துப் போடுவது காதக்கா. எந்தக் கோடெக் ஓடுகிறதென்று காட்டும் போன் திரையைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுத்தான் கேட்க வேண்டும், பேரைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது அந்த அறையின் சட்டம்.

கேட்பது எப்போதும் ஒரே பதிவு: கண்ணாடித் தம்ளரில் கரண்டி தட்டும் ஓசை. அது அடங்கும்போது கடைசியில் மெல்லிசாக ஓர் இழை வரும். சாதாரணக் கோடெக்கில் அது வராது.

போன செவ்வாய்க்கிழமை, புதுப் போனில் அந்த இழை வரவில்லை.

ஆறு தடவை கேட்டாள். பொறுக்கமாட்டாமல் துணியை விலக்கிப் பார்த்தாள். உசத்தியான கோடெக்கின் பேர் திரையில் பளிச்சென்று இருந்தது. அப்படியானால் போனில் கோளாறில்லை, போனது தன் காதுதான். வயது நாற்பத்தாறு. காது கேட்காத காதக்காவை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்? ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வீட்டில் குழாய் சொட்டுவது கேட்கிறதா, ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்கிறதா என்று இதே வேலையாக அலைந்தாள்.

“என்ன, சுவத்துல காத வச்சிட்டு நிக்கிற?” என்றான் கணவன்.

அழுதுவிட்டாள். சனிக்கிழமை காலை அவனே காது டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் அவளைச் சின்ன அறைக்குள் உட்கார வைத்து, அரைமணி நேரம் சோதித்தார்.

“உங்க காதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. சின்னப் பிள்ளைங்க காது மாதிரி இருக்கு.”

“அப்பாடா!” என்றான் கணவன்.

அவளுக்கோ அப்போதுதான் உறைத்தது. காது சரியென்றால் போன்தான் பொய் சொல்கிறது. பேரை மட்டும் காட்டிவிட்டு, உள்ளே சாதாரணக் கோடெக்குக்கு நழுவியிருக்கிறது. அவள் கையெழுத்தை நம்பித் திங்கட்கிழமை அத்தனை பெட்டியும் கடைக்குப் போகப் போகிறது.

“யாருக்குத் தெரியப்போவுது? பேசாம இரு,” என்றான் கணவன். அவனுக்கும் பயம்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலைமைப் பொறியாளருக்குப் போன் போட்டாள்.

“சார், புதுப் போன நிறுத்துங்க. கோடெக் பேரு மட்டும்தான் காட்டுது. உள்ள வேல செய்யல.”

“நீங்கதானம்மா சரின்னு எழுதுனீங்க?”

“ஆமா சார், எழுதுனேன்.”

“அன்னிக்குச் சளி கிளி பிடிச்சு காது அடைச்சிருந்துச்சா?” அவரே வழி காட்டினார். ஆமாம் என்றால் தப்பிக்கலாம். போனருகே காதை வைத்திருந்த கணவன், ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையைத் தலையை ஆட்டினான்.

“இல்ல சார்,” என்றாள். “காது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அத நம்பல.”