மே மாதத்தில் கண்ணாடியைக் கட்டி வைத்தவள்

ஜுலைகா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் பேசாமல் இருந்தேன். மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் முதல் வாரம் நான் யாரிடமும் பேசுவதில்லை. அந்தப் பழக்கத்தை என் தலையில் கட்டியதே அவள்தான். லப்பைக்குடிகாட்டிலிருந்து அவள் தம்பி வந்து வாசலில் நின்று, "அக்கா மவுத்தாயிட்டாங்க டீச்சர். நெஞ்சு வலின்னாங்க, அவ்ளோதான்" என்றார். அந்த வாரம் நான் முதலில் சொன்ன சொல் அவள் பெயர்.

அரியலூரில், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். உங்களில் அங்கே பிள்ளையைப் படிக்க வைத்தவர்களுக்கு எங்கள் வேலை தெரியும். கைக்கண்ணாடியில் உதட்டைக் காட்டி, பிள்ளையின் கையை நம் தொண்டையில் வைத்து, 'ப' வரும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஜுலைகா அலுக்காமல் செய்வாள். ஆனால் மே பிறந்ததும் கண்ணாடியைப் பழைய துணியில் சுற்றி, "இது ஜூன்ல முழிச்சா போதும்" என்று பெட்டியில் வைத்துவிடுவாள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது.

ஒரு வருடம் பள்ளி மூடும் சமயத்தில் என் குரல் வெறும் காற்றாகிவிட்டது. "இப்படியே பேசிக்கிட்டிருந்தா குரல் திரும்பாது" என்றார் டாக்டர். வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். போவதற்கு முன் என் வகுப்புப் பிள்ளை செல்விக்கு மட்டும் விடுமுறையில் வகுப்பு எடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் வேறு. செல்வியின் அப்பா ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் கூலி வேலை பார்த்தவர். அவளை 'தண்ணி' என்று சொல்ல வைக்க வருடமெல்லாம் போராடியிருந்தேன். வீட்டுக்கு அனுப்பினால் அது போய்விடுமே என்று பயந்தேன்.

"அந்த ஒத்த வார்த்தைக்கு உன் குரலக் குடுத்துட்டா, மத்த புள்ளைங்களுக்கு எதடி குடுப்ப?" என்று கேட்டாள் ஜுலைகா. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திட்டக்கூடக் குரல் இல்லை.

அன்றே என்னைத் தன் ஊருக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் நான்தான் டிக்கெட் கேட்டேன். வகுப்பில் செய்வதுபோல உதட்டை அகல விரித்து ஊர்ப் பெயரைச் சொன்னேன். சத்தம் வரவில்லை. என் கை தன்னால் கண்டக்டரின் கையைப் பிடித்து என் தொண்டைக்குக் கொண்டுபோனது. மனிதர் வெலவெலத்துப் போனார். எனக்குத்தான் காது கேட்காது என்று நினைத்து, இரண்டு டிக்கெட்டா என்று விரலால் ஜாடை காட்டினார். ஜுலைகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டாக்டரு சொன்னா கேக்க மாட்ட. இப்பக் கண்டக்டரே சொல்லிட்டாரு, உனக்கு லீவு வேணும்னு" என்றாள்.

அவள் வீட்டில் சாப்பிடுவதும் தூங்குவதும்தான் என் வேலை. யாரும் என்னைப் பேச வைக்கவில்லை. சாயங்காலம் வெள்ளாற்று மணலில் உட்காருவோம். ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்வாள். அந்தப் பிள்ளை எதற்குச் சிரிக்கும் என்று இருவரும் யோசிப்போம். செல்வியின் பெயர் வந்தபோது நான் விழித்தேன். "உன் வளையல உருட்டி உருட்டிச் சிரிப்பாளே. நீ அவ வாயத்தான் பாத்துக்கிட்டிருந்த" என்றாள்.

ஜூனில் குரல் திரும்பியது. வகுப்புக்குப் போதுமான அளவு. இந்த ஒரு நாள் பார்ப்போம் என்றுதான் பள்ளிக்குப் போனேன். பயந்தபடியே செல்வியின் 'தண்ணி' பாதி கரைந்திருந்தது. கண்ணாடியை எடுக்காமல் வளையல் கையை அவளிடம் நீட்டினேன். உருட்டிச் சிரித்தாள். பிறகு தன் தொண்டையில் தானே கைவைத்து, "பாப்பா" என்றாள். "வூட்டுல தம்பி பொறந்துருக்கான் டீச்சர். தொட்டிலப் பாத்து இப்படித்தான் கூப்புடுறா" என்றார் அவள் அம்மா. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் "பாப்பா" என்றேன். என் குரல் உடையவில்லை. வேலையை விடும் பேச்சை அதன்பின் நான் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு மே மாதமும் அவளோடு அந்த மணலில் போய் உட்கார்ந்தேன்.

என் கண்ணாடி இப்போது துணிக்குள் இருக்கிறது. ஜூனில் பிரிப்பேன். ஜுலைகாவின் வகுப்புப் பிள்ளைகளும் இனி என்னிடம்தான் வருவார்கள். அவளைத் தேடுவார்கள், எனக்கும் அழுகை வரும். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் எதற்குச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். போன மே மாதம் ஆற்று மணலில் அவள் சொல்லியிருக்கிறாள்.