எங்கே வலிக்கிறது என்று கேட்டவர்

ரெஜினா அம்மா காலமான செய்தியைப் பழனிசாமிதான் தொலைபேசியில் சொன்னார். காலை நேரம். மாடியில், கொடித் துணிகளுக்குப் பின்னால், ஒரு தேன்சிட்டுக்காகக் கேமராவுடன் உட்கார்ந்திருந்தேன். "சார், நம்ம மேடம் போயிட்டாங்க. தூக்கத்துலயேங்க," என்றார். "எந்த மேடம்?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த மேடம் ஒருவர்தான். சரியாகக் கேள்வி கேட்பது எப்படி என்று அவரிடம் அத்தனை காலம் கற்றுக்கொண்டவன், அவருடைய சாவுச் செய்திக்கே தவறான கேள்வியைக் கேட்டேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது, ஞாயிறுதோறும் கேமராவோடு கூடும் எங்கள் நண்பர்கள் அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவனுக்கு எழுத்தும் வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வழி தவறாமலிருக்க முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. அவருடைய கேள்வி எங்கிருந்து வந்தது.
2. மேச்சேரி ஆட்டின் படம்.
3. பேத்தி கல்யாணம் நெருங்கியபோது என் மனைவி போட்டோவுக்கு நிற்க மறுத்தது.
4. கேட்ட கேள்விக்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லமாட்டார் என்பது.

ரெஜினா அம்மா பணியில் இருந்தவரை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு வெளிச்சத்தில் படம் எடுக்க ஆசைப்பட்டு கேமரா வாங்கியதாகச் சொல்வார். ஞாயிறு காலையில் கொண்டப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் நாங்கள் கூடுவோம். அங்கு முதல்முறை போனபோது, வெகுநாள் யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்: "எந்த லென்ஸ் வாங்கலாம்?"

"எதை எடுக்க?"

"எல்லாவற்றையும்தான்."

"சார், டாக்டர் சீட்டுல 'உடம்பு'ன்னு மட்டும் எழுதி அனுப்பினா நான் எதை எக்ஸ்ரே எடுப்பேன்? எங்க வலிக்குதுன்னு இருக்கணும். விழுந்தாரா, அடிபட்டாரான்னு இருக்கணும்."

டீக்கடையே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த வாரம் போகவேண்டாம் என்று முடிவு செய்தேன், ஆனாலும் போனேன். அன்று முதல் எங்கள் கூட்டத்தில் அது வழக்கமாயிற்று. படத்தைக் காட்டி யோசனை கேட்பவர், எங்கே வலிக்கிறது என்று தாமே முதலில் சொல்லவேண்டும். சொல்லாதவருக்கு ரெஜினா அம்மாவிடமிருந்து வைத்தியம் கிடையாது.

பழனிசாமிக்கு அந்த வழக்கம் பிடிபடக் கொஞ்சம் நாளானது. சேந்தமங்கலத்தில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், எதிலும் அவசரம். ஒரு முறை மேச்சேரிக்குப் போய் ஆட்டைப் படமெடுத்து வந்து கைப்பேசியை நீட்டினார்.

"எப்படி இருக்குதுங்க மேடம்?"

"நல்லா இருக்குங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"நீங்க கேட்டது அவ்வளவுதானுங்களே."

பழனிசாமி தலையைச் சொறிந்தார். "ஆடு தரையோட ஒட்டிக்கிட்டுத் தெரியுதுங்க. ஊட்டுல காட்டுனா, 'ஆடு எங்க'ன்னு கேக்கறாங்க."

"இது கேள்வி. ஆடு என்ன நிறம்?"

"செம்மறியில்லீங்களா, மண்ணு நிறந்தானுங்க."

"ஆட்டோட நிழல் எங்க கிடந்துச்சு?"

"வயித்துக்குக் கீழதானுங்க. உச்சி வெயிலு." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். "அட, சாயங்காலம் போயிருந்தா நிழல் நீண்டு ஆடு தனியாத் தெரிஞ்சிருக்குமுங்களே!"

"பாருங்க, நான் ஒண்ணுமே சொல்லல. டீக்காசு உங்களுது," என்றார் ரெஜினா அம்மா.

இனி மூன்றாவது. இதை எழுதலாமா என்று என் மனைவி சரஸ்வதியிடம் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டே எழுதுகிறேன். முகவாதம் வந்து குணமான பிறகும் அவளுக்கு இடப்பக்க உதடு சற்று இறங்கியே நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எடுத்த ஒரு படத்தையும் அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை. பேத்தியின் கல்யாணம் நெருங்கியபோது, "பந்தியப் பாத்துக்கறேனுங்க. மேடைக்குக் கூப்பிடாதீங்க," என்றாள். பேத்தி அழுதாள். அதற்கும் இவள் அசையவில்லை. அவளுக்குப் பிடிக்கும்படி ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டிவிட்டால் மனம் மாறுவாள் என்று நினைத்தேன்.

ரெஜினா அம்மாவிடம் கேட்கும் முன் என் கேள்வியைப் பலமுறை திருத்தினேன். வலிக்கும் இடத்தைக் குறிப்பிட்டேன், காரணத்தைச் சொன்னேன், வேண்டியதையும் சொன்னேன்: "இடப்பக்கம் உதடு இறங்கியிருப்பது தெரியாமல் முகத்தை எடுக்க, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும்?" குறையே இல்லாத கேள்வி என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியக் கூடாதுன்னு யாரு சொன்னா சார்? அக்காவா, நீங்களா?"

நான் என் டீயை எடுத்து உறிஞ்சினேன்.

"வலி அவங்களுது. சீட்டை நீங்க எழுதிட்டு வந்திருக்கீங்க. போய்க் கேட்டுட்டு வாங்க."

மனைவியிடம் ஒரு கேள்வி கேட்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. ஒருநாள் அவள் அவரைக்காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "நான் எடுக்கும் படத்தில் உனக்கு எது பிடிக்கவில்லை?" என்றேன்.

"வாயி கோணுனது கோணுனதுதானுங்க. கண்ணாடியில தெனமும் பாக்கறேன், பழகிப்போச்சு," என்றாள். "நீங்க கேமராவுக்குப் பின்னால மூஞ்சிய ஒளிச்சுக்கிட்டு, அதத் திருகி இதத் திருகி, 'கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு'ங்கறீங்க. என் மூஞ்சியத்தான் ரிப்பேர் பாக்கறீங்களோன்னு இருக்குதுங்க."

அடுத்த நாள் ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் குடத்தை வைத்து, என் திருகல்களை எல்லாம் அந்தக் குடத்தை வைத்தே முடித்துக்கொண்டேன். கேமராவைத் தாங்கியில் நிறுத்தினேன். பிறகு குடத்தை எடுத்துவிட்டு அவளை உட்காரவைத்து, கேமராவைத் தொடாமலே விசையை அழுத்தும் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் அமர்ந்தேன். "இதுவரைக்கும் குடத்தையா எடுத்தீங்க? அது 'கொஞ்சம் பொறு'ன்னா பொறுத்துக்குதா?" என்று சிரித்தாள். உதடு ஒரு பக்கமாகத்தான் ஏறியது. அழுத்தினேன்.

படத்தை வெகுநேரம் பார்த்தாள். "எங்க பெரியக்கா சிரிக்கிற மாதிரியே இருக்குதுங்க," என்றாள். கல்யாணத்தன்று யாரும் கூப்பிடாமலே மேடை ஏறிப் பேத்தியின் பக்கத்தில் நின்றாள்.

அந்தப் படத்தை ரெஜினா அம்மாவிடம் காட்டியபோது, பாராட்டு கேட்கக் கூச்சமாக இருந்தது. "கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். "கண்ணு கூர்மையா இருக்கு சார்," என்று திருப்பித் தந்துவிட்டார். அதனால்தான் நான்காவது குறிப்பை எழுதினேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. யோசனை கேட்டுப் போகும் முன், அந்த வலி யாருடையது என்று பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அது போதும்.

இவ்வளவையும் நேற்று சரஸ்வதிக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில், "நாலாவது தப்புங்க," என்றாள்.

"எப்படி?"

"நீங்க அன்னிக்குக் காட்டிட்டு ஊடு வந்து சேரலை, அதுக்குள்ள அந்தம்மா எனக்குப் போன் பண்ணிட்டாங்க. 'அக்கா, உங்க சிரிப்பைப் பாத்ததுல இருந்து நானும் சிரிச்சுக்கிட்டே இருக்கேன். எனக்கு ஒரு படம் குடுங்க'ன்னாங்க. குடுத்தேன். அவங்க ஊட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்குது."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க?"

ஆகவே நான்காவது குறிப்பு தவறு. கேட்காததையும் அவர் சொல்லியிருக்கிறார். சேரவேண்டியவரிடம் சொல்லியிருக்கிறார்.