ஆறு இன்ச் பலகை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். காலனிக்காரர்கள் பார்க்க யாரும் தன்னைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. டாலிகஞ்சில் எங்கள் வீடு தரைத்தளம்தான், ஆனால் வாசலில் மூன்று படிகள். சரிவாகப் பலகை போட்டுவிடுகிறேன், சக்கர நாற்காலியிலேயே உள்ளே போய்விடலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

நாற்காலியின் அகலம் இருபத்து மூன்று இன்ச். ஆறு இன்ச் பலகை நான்கைச் சேர்த்து அடித்தால் இரண்டு அடி. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மரக்கடையில் சொன்னேன்; வழவழவென்று இழைத்து அனுப்பினார்கள். தச்சர் ஆணி அடித்துவிட்டுப் போனார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, பில் கட்டிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்ததும், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று காலி நாற்காலியை ஏற்றினேன். ஒரு பக்கச் சக்கரம் பலகைக்கு வெளியே தொங்கியது.

டேப்பை வைத்தேன். இருபத்திரண்டு. மறுபடியும் வைத்தேன். ஒவ்வொரு பலகையும் ஐந்தரைதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகப் பெங்காலியில் விளக்கினார். ஆறு இன்ச் என்பது மில்லில் அறுக்கும்போது உள்ள அளவாம். காய்ந்து, இழைத்தபின் அரை இன்ச் போய்விடுமாம். ஆனாலும் பேர் ஆறு இன்ச்தானாம். நான் பேரைத்தான் சொன்னேனாம், அளவைக் கேட்கவில்லையாம். கூடவே மரியாதையாக, அக்கா என்று ஒரு 'தீதி' வேறு. அரிசிக்கடையில் யாராவது இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்.

நான் திட்டி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது.

அப்பா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் உதவிக்கு வந்தார்கள்; வேண்டாம் என்று கையமர்த்தினேன். அப்பா ஆஜானுபாகு. வெளியாள் கை மட்டும் அவர்மேல் படக் கூடாது, என் இடுப்பு போனாலும் போகட்டும். முதுகுக்கும் முழங்காலுக்கும் கீழே கை கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத் தூக்கினேன்.

அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. விசுக்கென்று மேலே வந்துவிட்டார். நான் பின்னால் விழப் பார்த்தேன். சட்டைக்குள் ஆளையே காணோம். பயந்துபோய் அப்படியே நின்றேன்.

"எறக்கி விடும்மா, இடுப்பு வலிக்கப் போறது ஒனக்கு" என்றார்.

மூன்று படியும் ஏறி, கூடத்தைத் தாண்டி, கட்டில்வரை போய்விட்டேன். வலிக்கவே இல்லை.